எட்டுத் துண்டு ஏரியல்

எங்கட அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மந்தம். படலையில் ஆள் நின்று கூப்பிட்டால் கேட்காது, துர்க்கை அம்மன் கோயில் மணி கேட்காது. பிளேன் சத்தம் மட்டும் வீட்டில் எல்லாரையும் விட முதலில் அவவுக்குத்தான் கேட்கும். கேட்டதும் கையில் இருக்கிற சுளகோ பாத்திரமோ அப்படியே கீழே போகும். மாமரத்தடிக்கு நடப்பா. ஒரு காலத்தில் அதில் பங்கர் வெட்டியிருந்தது. இப்போது மூடி, மேலே இரண்டு வாழை நிற்கிறது. வாழைக்குப் பக்கத்தில் நின்று, சத்தம் தேய்ந்து போகும்வரை மேலே பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பா. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து சுளகை எடுப்பா.

பலாலி ஓடுபாதை எங்கட வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீற்றர். 1947 மார்கழியில் எயார் சிலோனின் முதல் பறப்பு இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனபோது இங்கே இறங்கித்தான் போனது. அம்மம்மா சின்னப் பிள்ளையாய் இருந்த காலத்தில் பிளேன் பார்க்க வேலியடிக்கு ஓடின கதையெல்லாம் இருக்கு. பிறகு வந்த பிளேன்களுக்கு ஊர் வேறு பெயர்கள் வைத்தது: பொம்பர், சகடை, சுப்பர்சொனிக். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு முழுக்க எழும்பி ஓடினபோது அம்மாவையும் மாமாவையும் கையில் பிடித்துக்கொண்டு அவவும் ஓடினா. 2019 ஐப்பசியில் பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். கார்த்திகையில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது, கொரோனாவில் நின்றது, 2022 மார்கழியில் திரும்பத் தொடங்கியது. 2024 புரட்டாதியிலிருந்து இண்டிகோவும் வருகிறது. ஊருக்கு நல்ல விஷயம். கனடாவிலிருந்து வாறவை கொழும்பிலிருந்து ஏழெட்டு மணித்தியாலம் பஸ்ஸில் முதுகு நோகத் தேவையில்லை. அம்மம்மாவுக்கு மட்டும் மாமரத்தடி நடை கூடிப்போனது.

"அது சென்னைப் பிளேன் அம்மம்மா, ஆக்கள் வாற பிளேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வோம். "ஓம் மோனை, தெரியும்" என்பா. தெரிந்துகொண்டுதான் நடப்பா. சத்தம் வந்த பிறகு சொல்லி வேலையில்லை என்று எங்களுக்கு விளங்க நாளெடுத்தது. சத்தத்துக்கு முதல் சொல்லவேண்டும். "இன்னும் பத்து நிமிசத்தில சென்னைப் பிளேன் வரும்" என்று முன்கூட்டியே சொன்னால் அந்தச் சத்தம் எதிர்பார்த்த விருந்தாளி மாதிரி வரும். அப்படித்தான் நினைத்தோம்.

நாங்கள் என்பது அக்காவும் தம்பியும். ஒருத்தி கலைப்பீடம், மற்றவன் ஏ.எல். பௌதிகம். இதில் பௌதிகம் எல்லாம் அவனுடையது, பிழைகள் பொது.

போனில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தோம். அந்தச் செயலிகளும் எங்கேயோ யாரோ கூரையில் நட்டு வைத்த அன்ரனாக்களை நம்பித்தான் ஓடுது. பிளேன் உயரத்தில் இருக்கும்போது தூரத்து அன்ரனாவுக்கும் தெரியும். இறங்க இறங்க பூமியின் வளைவுக்குள் மறைந்து போகும். எங்களுக்குத் தேவையான அந்தக் கடைசிப் பத்து நிமிசத்தில்தான் போனில் கோடு அறுந்து போகும். கிட்ட ஒரு அன்ரனா வேண்டும். அப்படியென்றால் நாங்கள்தான் நடவேண்டும்.

இன்றைய பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் தன்ர இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் 1090 மெகாஹேர்ட்ஸில் ஓயாமல் சொல்லிக்கொண்டு போகும். இடத்தை மட்டும் செக்கனுக்கு இரண்டு தரம். ரகசியம் ஒன்றுமில்லை, யாரும் கேட்கலாம் என்றுதான் சொல்லுது. ஒவ்வொரு செய்தியும் 112 பிற், 120 மைக்ரோசெக்கனில் முடிந்துபோகும். ரீவி பார்க்கச் செய்த சின்ன யூ.எஸ்.பி. டொங்கிள் ஒன்றும் இலவச மென்பொருள் ஒன்றும் இருந்தால் பழைய லப்டொப்பிலேயே படிக்கலாம். டொங்கிளோடு வாற குட்டி அன்ரனாவை யன்னலில் வைத்துப் பார்த்தோம். ஒன்றிரண்டு பிளேன், அதுவும் விட்டுவிட்டு. அப்போதுதான் தம்பி சொன்னான், "கோலினியர் செய்வம்."

கோஅக்சியல் கோலினியர் என்பது ரீவிக்கு இழுக்கிற அதே கேபிளை வெட்டிச் செய்கிற அன்ரனா. இதில் எங்களுக்குப் பிடித்தது ஒரு குறும்பு. நடுவில் செப்புக் கம்பி, சுற்றிவர வெள்ளைப் பிளாஸ்டிக், அதற்கு மேல் உலோகப் பின்னல்: இந்தக் கேபிளைக் கண்டுபிடித்ததே அலையை வெளியில் விடாமல் பத்திரமாகக் கொண்டு போகத்தான். கோலினியரில் அதையே அரை அலைநீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டின் நடுக்கம்பியை அடுத்த துண்டின் பின்னலோடும், இதன் பின்னலை அதன் நடுக்கம்பியோடும் மாறிக் கொழுவுவார்கள். ஒவ்வொரு வெட்டுவாயிலும் அலைக்கு வெளியே ஒரு வாசல் கிடைக்கும். பின்னலின் வெளிப்பக்கம்தான் அன்ரனா. மாறிக் கொழுவுகிறது ஏனென்றால், நேரே ஒரு நீளக் கம்பியில் ஓர் அரை அலை மேலே தள்ளும்போது அடுத்த அரை அலை கீழே இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இடையில் ஒரு தரம் பிரட்டிவிட்டால் எல்லாத் துண்டும் ஒரே அவத்தையில் சேர்ந்து இழுக்கும், கூத்துக்குப் பிற்பாட்டுக்காரர் சேர்ந்து எடுக்கிற மாதிரி. துண்டு கூடக் கூட, மேலேயும் கீழேயும் சிதறுகிற பலம் குறைந்து அடிவானத்துப் பக்கம் சேரும். தூரத்தில் கேட்கலாம்.

இது எங்கட கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. வீலர் என்கிற அமெரிக்கப் பொறியியலாளர் 1956 இலேயே இப்படித் துண்டுகளை மாற்றிக் கொழுவின செங்குத்து அன்ரனா பற்றி எழுதிவிட்டார். 1972 இல் போல்ஸ்லி, எக்லண்ட் என்ற இரண்டு பேர், சுருட்டி எடுத்துக்கொண்டு போகக்கூடிய மாதிரி ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அதன் வழியில்தான் அலாஸ்காவில் போக்கர் பிளாட் என்ற இடத்தில், வளிமண்டலத்தைப் பார்க்கிற பெரிய ராடருக்கு நிலம் முழுக்க இந்தக் கேபிள் துண்டுகளை வரிசை வரிசையாகக் கட்டினார்கள். திருப்பதிக்குப் பக்கத்தில் கடங்கியில் உள்ள அதே மாதிரி ராடரில் 1024 யாகி நிற்கிறது. யாகி என்றால் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் தூரதர்ஷன் பார்க்க ஒவ்வொரு கூரையிலும் நின்ற அந்த மீன்முள் அன்ரனாதான்.

அளவுக்கு வருவோம். 1090 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் 275 மில்லிமீற்றர், அரைவாசி 137.5. ஆனால் கேபிளுக்குள் அலை ஒளியின் வேகத்தில் ஓடாது, பிளாஸ்டிக் அதை மெதுவாக்கும். எவ்வளவு மெதுவாக்கும் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கு. நாங்கள் முதல் பார்த்த அளவு ஒவ்வொரு துண்டும் 91 மில்லிமீற்றர் என்றது. ஒரு முழுநாள் இருந்து, பாண் வெட்டுகிற கத்தியால் (அம்மாவுக்கு இன்னும் தெரியாது) எட்டுத் துண்டு வெட்டினோம். கொழுவி, மாடிப்படி முகட்டில் கட்டினால், யன்னலில் வைத்த குட்டி அன்ரனாவை விட மோசம்.

பிழை இதுதான். 91 என்பது உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக் உள்ள கேபிளுக்கு. அதில் அலை ஒளியின் வேகத்தில் 66 வீதம்தான் ஓடும். எங்கட ரீவி கேபிளின் உள்ளே இருப்பது நுரைப் பிளாஸ்டிக், நகத்தால் அமத்தினால் பதியும். அதில் 82 முதல் 85 வீதம். 83 என்று வைத்தால் 114 மில்லிமீற்றர். எங்கட துண்டு ஒவ்வொன்றும் 23 மில்லிமீற்றர் கட்டை. அதாவது ஒவ்வொரு துண்டிலும் 36 பாகை பிசகு. ஐந்து மூட்டுத் தாண்டி ஆறாவது துண்டுக்குப் போகும்போது 180 பாகை, முதல் துண்டுக்கு நேர் எதிர். கீழே ஒருத்தர் இழுக்க மேலே ஒருத்தர் தள்ளுகிறார். எட்டுப் பேர் சேர்ந்து ஒன்றும் கேட்காமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

திரும்ப வெட்டினோம். இந்த முறை கொப்பிக்கட்டை இல்லை, தச்சுவேலை செய்கிற மாமாவின் இரும்பு அடிமட்டம். பிறகு ஈயம் பற்ற வெளிக்கிட்டால் ஈயம் ஒட்டவேயில்லை, வாழையிலையில் தண்ணி மாதிரி உருண்டு விழுகிறது. ரீவி கேபிளின் பின்னல் அலுமினியம். அலுமினியத்துக்கு மேலே எப்போதும் ஓர் ஒட்சைட்டுப் படை இருக்கும், சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. அதனால் எல்லாரும் செய்கிற மாதிரி நடுக்கம்பியை மற்றத் துண்டின் பின்னலுக்கும் கறுப்புத் தோலுக்கும் இடையில் இறுக்கமாகச் செருகி, மேலே ரேப் சுற்றினோம். பின்னலில் தலைமயிர் மாதிரி ஓர் இழை தவறி நடுக்கம்பியில் முட்டினால் போதும், அந்த மூட்டோடு கதை முடியும். ஒவ்வொரு மூட்டுக்கும் மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தோம். மேல் நுனியில் 69 மில்லிமீற்றர் செப்புக் கம்பி. எல்லாமாக ஒரு மீற்றர் வரும். எஸ்லோன் பைப்புக்குள் இறக்கி, மேலும் கீழும் மூடி போட்டு, மழை போகக்கூடாது என்று இரண்டு பக்கமும் சிலிக்கன் அப்பினோம். புளிச்ச வினாகிரி மணம் வீடு முழுக்க.

இனித்தான் அம்மாவின் பிரச்சினை. கூரைக்கு மேலே கம்பி நடுவது எங்கட வீட்டில் சின்ன விஷயம் இல்லை. "உதேன் இப்ப? ஆரும் வந்து கேட்டா என்ன சொல்லுவியள்?" என்று அம்மா. இது ஒன்றையும் அனுப்பாது, கேட்கும் மட்டும்தான் என்று விளங்கப்படுத்தினோம். "கேட்டதுக்குத்தான் அப்பவும் பிடிச்சவங்கள்" என்றா. அதற்கு எங்களிடம் பதில் இல்லை. எங்களுக்காகக் கதைத்தது அம்மம்மாதான். "ஏரியல்தானே, நடட்டும். அப்ப நாங்கள் செய்தி கேக்க சைக்கிள் மிதிக்கேல்லையே."

அந்தக் கதை எங்களுக்குத் தெரியும், என்றாலும் அன்று முழுதாகச் சொன்னா. பொருளாதாரத் தடையில் பற்றரி வராத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரேடியோவில் கொழுவி, ஒருத்தர் பெடலைக் கையால் சுற்ற மற்றவை சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாசும் கேட்பினமாம். சுற்றுகிற ஆளுக்குத்தான் செய்தி வடிவாகக் கேட்காது, சங்கிலிச் சத்தம். பெரும்பாலும் சுற்றினது அம்மம்மா. தாத்தா கேட்டுவிட்டுச் சொல்லுவாராம். "கொப்பப்பா பாதிதான் சொல்லுவார், பயப்பிடுவனெண்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தா. தாத்தாவைக் கொப்பப்பா என்று தவறிச் சொன்னதை நாங்கள் திருத்தவில்லை.

ஆவணியில் நட்டோம். சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் திரையில் வந்த வரிசையைப் பார்த்துத் தம்பி கத்தின கத்தலில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. கட்டுநாயக்காவிலிருந்து சென்னை போகிறது, வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து தூரத்து நாடுகளுக்குப் போகிறது, எல்லாம் வந்தது. 35000 அடியில் பறக்கிற ஒன்றை நானூறு கிலோமீற்றர் சொச்சம் வரைக்கும்தான் கேட்கமுடியும், அதற்கு அப்பால் பூமி மறைக்கும். நாங்கள் முந்நூற்றைம்பதைத் தாண்டினோம். தெல்லிப்பழையில் இருந்துகொண்டு, சென்னையில் எழும்பின ஏ.ரி.ஆர். நல்லாய் உயர்ந்ததும் கண்டோம்.

அம்மம்மாவுக்கு வேலை செய்ததா? செய்தது. அதுதான் எங்களுக்கே நம்ப முடியாமல் இருந்தது. லப்டொப்பை அவவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்து, வரைபடத்தில் அந்தச் சின்ன அம்புக்குறி கடலுக்கு மேலால் வருவதைக் காட்டுவோம். முதல் கிழமை சத்தம் கேட்க எழும்பினா, ஆனால் நடக்கவில்லை. இரண்டாம் கிழமை எழும்பவும் இல்லை. ஒரு நாள் காற்று மாறி, தென்மேற்கால் சுற்றி வந்து இறங்கினது. கோடு கட்டுவன் பக்கத்தால் போனது. அம்மம்மாவின் சீதனக் காணி அங்கேதான், இன்னும் முட்கம்பிக்கு உள்ளே. "உதில கிணத்தடி தெரியுமோ?" என்று கேட்டா. தெரியாது என்றோம். "மேலால போறவைக்குத் தெரியும் என்ன" என்றுவிட்டுக் கனநேரம் பேசவில்லை.

ஐப்பசியில் மழை தொடங்கியது. திரையில் பிளேன்கள் குறைந்தன. இதை இப்போது எழுதும்போது விளங்குகிறது, அப்போது விளங்கவில்லை. பழுதாகிற அன்ரனா, பல்ப் பியூஸ் போகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போகாது. முந்நூற்றைம்பது முந்நூறாகும், பிறகு இருநூறு. மழை முகில், பறப்புகள் குறைவு, மென்பொருள் சரியில்லை என்று நாங்களே ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டோம். வெறும் வானமும் செத்த அன்ரனாவும் திரையில் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

ஒரு நாள் காலை அம்மம்மா கேட்டா, "இப்ப ஏதும் வருதோ மோனை?" திரையில் ஒன்றுமில்லை. "ஒண்டுமில்லை அம்மம்மா, போய் முகம் கழுவுங்கோ." கிணற்றடிக்குப் போனா. வாளி பாதி வரும்போது பிளேன், மழை முகிலுக்குக் கீழால், பதிவாக. சென்னைப் பிளேன்தான். அவ வாளியை விட்டுவிட்டு ஓடப் பார்த்து, பாசியில் சறுக்கி விழுந்தா. முழங்காலில் நல்ல காயம். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தோம். எங்களை அவ ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அம்மா ஏசினா.

அன்று பின்னேரமே பைப்பைக் கழற்றினோம். கீழ் மூடியைத் திறந்ததும் அரைக் கோப்பை தண்ணி. மழைத் தண்ணி இல்லை. பகல் வெயிலில் பைப்புக்குள் காற்று விரிந்து வெளியேறும், இரவில் சுருங்கி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், அந்த ஈரம் குளிர்ந்து நீராகித் தேங்கும். கீழே ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தால் வடிந்திருக்கும். நாங்கள்தான் இரண்டு பக்கமும் அப்பிவைத்தோமே. தண்ணி பின்னலுக்குள் திரி மாதிரி ஊறி ஏறியிருந்தது. செப்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் தன்னைக் கொடுத்துவிடும். கடலும் தூரமில்லை. நாலு மூட்டில் வெள்ளை மா. வினாகிரி மணம் வாற சிலிக்கன் காயும்போது விடுகிற அமிலமும் உலோகத்தை அரிக்குமாம், அதையும் பிறகுதான் அறிந்தோம். சோளகம் இரண்டு மாதம் ஆட்டின ஆட்டத்தில் இரண்டு மூட்டு ஏற்கெனவே நெகிழ்ந்திருந்தது. வெறும் இறுக்கத்தில் நிற்கிற மூட்டு எவ்வளவு காலத்துக்கு நிற்கும்? எட்டுத் துண்டுக்கு ஏழு மூட்டு, மூட்டுக்கு இரண்டு தொடுப்பு, பதினாலு இடம். ஓரிடம் விட்டால் அதற்கு மேலே உள்ள துண்டெல்லாம் சும்மா நிற்கிற அலங்காரம்.

தம்பி பதினாறு துண்டில் ஒன்று செய்வோம், இந்த முறை செப்புப் பின்னல் கேபிள், எல்லாம் ஈயம் பற்றி, என்று தொடங்கினான். அக்கா கணக்குக் கேட்டாள்: எங்களுக்கு என்ன தூரம் வேண்டும்? இறங்க வாற ஏ.ரி.ஆர். பத்து நிமிசத்தில் எழுபது கிலோமீற்றர் அளவில் வரும். அவ்வளவுதான் தூரம். முந்நூற்றைம்பது எங்களுக்குப் புளுகத்துக்கு.

வீட்டு வயரிங் கம்பியில் 69 மில்லிமீற்றரில் ஐந்து துண்டு. ஒன்று நட்டுக்கு நிற்கும், நாலு கீழ்ப்பக்கம் சரிந்து நிற்கும், சிலந்தி மாதிரி. ஒரு கனெக்டரில் ஐந்து ஈயப் பற்று, எல்லாம் செப்பு, எல்லாம் வெளியில், கண்ணுக்குத் தெரியும். அரை மணித்தியால வேலை. டொங்கிளையும் ஒரு போத்தலுக்குள் போட்டு மேலேயே கட்டினோம். பத்து மீற்றர் கேபிள் இறங்கி வருவதற்குள் வந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேபிளே தின்றுவிடும். சிலந்தி அந்த மாரி முழுக்க நின்றது. தூரம் நூற்றைம்பது, நல்ல நாளில் இருநூறு.

இதில் எங்களுக்கு இன்னும் தீராத ஒன்று இருக்கு. மார்கழியில் ஒரு நாள் ஹெலி ஒன்று தாழப் போனது. கூரைத் தகரம் அதிர்ந்தது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தால், தூரத்தில் கடலுக்கு மேலே இரண்டு பயணிகள் விமானம், எங்கட தலைக்கு மேலே ஒன்றுமில்லை. அன்ரனா பழுதில்லை. படைகளின் வானூர்திகளுக்குத் தங்கட இடத்தைச் சொல்லிக்கொண்டு பறக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனை துண்டு கோலினியர் நட்டாலும் சொல்லாததைக் கேட்க ஏலாது. அம்மம்மா எந்தச் சத்தத்துக்கு மாமரத்தடிக்கு ஓடப் பழகினாவோ அதே சத்தம்தான் எங்கட ஏரியலுக்குக் கேட்காது.

அதை அவவுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தோம். கொப்பப்பா மாதிரிப் பாதி சொல்லலாமா என்றும் யோசித்தோம். கடைசியில் முழுதாகச் சொன்னோம். திரையில் வாறது ஆக்கள் ஏறி வாற பிளேன் மட்டும்தான், மற்றதைப் பற்றி இதுக்குத் தெரியாது என்று.

"அது எனக்கு முதலே தெரியும்" என்றா. முழங்கால் காயத்தைத் தடவிக்கொண்டு திரையைப் பார்த்தா. "உது சென்னையில இருந்து வெளிக்கிட்டிட்டுதோ?"

சிலந்திக்கு சென்னை கேட்காது என்று தம்பி சொன்னான். இன்னும் அரை மணித்தியாலம் போகவேண்டும்.

"அப்ப தேத்தண்ணி வை" என்றா.